பெயர் அறியாதோர் தந்த இரத்தம்

தாயின் இரத்தம் ‘நெகட்டிவ்’ பிரிவாகவும் கருவிலுள்ள குழந்தையின் இரத்தம் ‘பாசிட்டிவ்’ பிரிவாகவும் அமைவது நம் ஊர்ப் பிரசவ வார்டுகளிலும் அவ்வப்போது நேர்வதுதான். சிவப்பணுக்களின் மேற்பரப்பில் டி எனப்படும் புரதம் இருந்தால் பாசிட்டிவ், இல்லையேல் நெகட்டிவ். பிரசவத்தின்போது குழந்தையின் இரத்தம் சிறிதளவு தாயின் உடலில் கலந்துவிட்டால், அந்த அணுக்களை அந்நியமாகக் கருதும் தாயின் உடல், அவற்றை அழிக்கவல்ல எதிர்ப்பொருளை உண்டாக்கிக்கொள்கிறது. தலைப்பிள்ளைக்கு இதனால் பெரும்பாலும் தீங்கில்லை. ஆனால், அடுத்துக் கருவாகும் பாசிட்டிவ் குழந்தையை அந்த எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே சென்று தாக்குவதால், கடும் இரத்தசோகையும் மஞ்சள் காமாலையும் மூளைப் பாதிப்பும், சில வேளைகளில் கருவிலேயே மரணமும் நேரும்.

இதற்கு 1960களில் கண்டறியப்பட்ட தீர்வு சற்று விந்தையானது. அதே எதிர்ப்பொருளைச் சிறிதளவு வெளியிலிருந்து தாய்க்கு ஊசியாகச் செலுத்தினால், அவருடைய உடல் விழித்துக்கொள்ளும் முன்பே குழந்தையின் அணுக்கள் அகற்றப்பட்டுவிடுகின்றன. பிரசவமான 72 மணி நேரத்துக்குள் போடப்படும் ‘ஆன்டி-டி’ ஊசி இதுவே. ஆஸ்திரேலியாவில் இம்மருந்து, எதிர்ப்பொருள் ஏற்கெனவே ஊறியுள்ள மனிதர்களின் பிளாஸ்மாவிலிருந்து, அதாவது இரத்த அணுக்களை நீக்கியபின் எஞ்சும் இளமஞ்சள் நீர்மத்திலிருந்து, பிரித்தெடுக்கப்படுகிறது. அங்கு இதைக் கொடுப்போர் ஏறத்தாழ இருநூறு பேர் மட்டுமே.

அவர்களுள் பெரும்புகழ் பெற்றவர் ஜேம்ஸ் ஹாரிசன். பதினான்கு வயதில் நுரையீரல் அறுவைச் சிகிச்சைக்கு உள்ளாகி, முன்பின் அறியாத பலரின் இரத்தத்தால் பிழைத்த அவர், 1954இல் கொடையாளர் ஆனார். தம் இரத்தத்தில் அரிய எதிர்ப்பொருள் மிகுந்திருப்பது தெரியவந்தபின்னும் தொடர்ந்து, வயது வரம்பு தடுத்த 2018 வரை மொத்தம் 1,173 முறை கொடுத்தார். கையில் ஊசி குத்துவதை ஒருமுறைகூடக் கண்கொண்டு பார்க்கத் துணியாதவர் அவர். 2025இல் அவர் மறைந்தபோது, 24 லட்சம் குழந்தைகளைக் காத்தவர் என்று செய்திகள் புகழ்ந்தன.

அந்த எண்ணிக்கையைச் சற்று நிதானித்தே ஏற்க வேண்டும். அது ஊசி பெற்ற தாய்மார்களைக் கொண்டு போட்ட மதிப்பீடு. ஊசி இல்லாதிருந்தால் அக்குழந்தைகள் அனைவரும் இறந்திருப்பார்கள் என்பது அதன் பொருளன்று. மேலும், ஒவ்வொரு தொகுதி மருந்திலும் பலருடைய பிளாஸ்மா ஒன்றாகக் கலக்கிறது. நெகட்டிவ் இரத்தம் கொண்ட ஆண்கள் சிலர், இந்த எதிர்ப்பொருள் தம் உடலில் ஊறுவதற்காகவே பாசிட்டிவ் அணுக்களை மனமொப்பி ஏற்றிக்கொண்டவர்கள். அந்தத் துணிவைப் பற்றி எவரும் தலைப்புச் செய்தி எழுதுவதில்லை.

இதைவிடக் கருதத்தக்கது இன்னொன்று. சிறுவன் ஹாரிசனுக்கு ஏற்றப்பட்ட இரத்தமே அவர் உடலில் அந்த எதிர்ப்பொருளைத் தோற்றுவித்திருக்கலாம் என மருத்துவர்கள் கருதினர். அது சரியெனில், 1951இல் ஏதோவொரு முகாமில் கையை நீட்டிவிட்டு வீடு திரும்பியவர்கள், ஒரு பையனின் உயிரை மட்டுமன்றி, பிற்காலத்து மருந்தொன்றின் மூலப்பொருளையும் தம்மை அறியாமலே அளித்திருக்கிறார்கள்.

ஹாரிசனும் பிறரும் கொடுத்த இரத்தத்தைக் கொண்டு இந்த எதிர்ப்பொருளை ஆய்வகத்திலேயே வளர்க்கும் முயற்சி மெல்போர்னில் நடந்துவருகிறது. ‘ஜாடிக்குள் ஜேம்ஸ்’ என்பது அதற்கு இட்ட செல்லப்பெயர். அது கைகூடும்வரை, எஞ்சிய கொடையாளர்கள் இரு வாரங்களுக்கு ஒருமுறை வந்து பிளாஸ்மா கொடுத்தால்தான் அந்நாட்டில் ஊசி தட்டின்றிக் கிடைக்கும்.