பழகிய வைஃபையும் கம்ப்யூட்டரின் ஞாபகமும்

முன்பே அறிமுகமான வைஃபை இணைப்புகள் இரண்டு மூன்று ஒரே இடத்தில் ஒருங்கே கிடைக்கும்போது, கம்ப்யூட்டர் நம்மை ஒரு வார்த்தையும் கேளாமல் அவற்றுள் ஏதோ ஒன்றில் போய்ச் சேர்ந்துகொள்கிறதே, எந்த நியாயத்தைக் கொண்டு அவ்வாறு தீர்மானிக்கிறது என்று விசாரித்தால், எதன் சிக்னல் பலமாக இருக்கிறதோ அதில்தான் சேரும் என்று பெரும்பாலோர் சொல்லிவிடுவார்கள். அதில் உண்மை கொஞ்சந்தான். பலத்தைப் பற்றிய விசாரணை வருவதற்கு முன்னாலேயே, நம்முடைய பழைய நடத்தையை வைத்துக் காரியம் பெரும்பாலும் தீர்ந்துபோய்விடுகிறது.

வைஃபை ரௌட்டர் என்பது ஒருபோதும் மௌனமாக இருப்பதில்லை. சாதாரண ஏற்பாட்டில் விநாடிக்குச் சுமார் 10 தடவை தன் பெயரையும், தான் கைக்கொள்ளும் பாதுகாப்பு முறையையும் ஆகாயத்தில் அறிவித்துக்கொண்டேயிருக்கிறது. கம்ப்யூட்டர் இந்த அறிவிப்புகளைச் செவிமடுத்தும், சில சமயங்களில் அருகில் யார் இருக்கிறார்கள் என்று தானே குரல் கொடுத்தும், கிடைத்த பெயர்களைத் தன்னிடமுள்ள ஜாபிதாவோடு ஒத்துப்பார்க்கிறது. இதற்குமேல் ஒவ்வொரு கம்பெனியின் சம்பிரதாயமும் வேறு.

விண்டோஸ் 7 காலம் வரையில் இந்த ஜாபிதாவில் எது முதல், எது பின் என்பதை மனிதரே திரையில் மேலும் கீழும் நகர்த்தி வைக்க முடிந்தது. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது அந்தச் சௌகரியம் திரையிலிருந்து மறைந்தது. ஓர் இணைப்பை விட்டு விலகி, அதே இடத்தில் இன்னொன்றை நாமாகத் தேர்ந்தெடுத்தோமானால், பின்னதே நமக்கு உகந்தது என்று அனுமானித்து, அதை முன்னதற்கு மேலே வைத்துக்கொள்ளும் வழக்கம் வந்தது. ஆப்பிள் சாதனங்களோ ஒவ்வோர் இணைப்புக்கும் அந்தரங்கமாக மதிப்பெண் போடுகின்றன. நாம் விரும்பிச் சேர்ந்து நெடுநேரம் தங்கினால் மதிப்பெண் ஏறும், சேர்ந்த உடனே உதறினால் இறங்கும். அதிலும் தீராதபோது எதன் பாதுகாப்பு முறை உயர்ந்தது என்று பார்த்து, கடைசியாகத்தான் சிக்னலின் பலத்துக்கு வருகின்றன. லினக்ஸில் வழங்கும் நெட்வொர்க் மேனேஜரில் ஒவ்வோர் இணைப்புக்கும் மைனஸ் 999 முதல் 999 வரை ஓர் எண்ணை நாமே குறித்து வைக்கலாம். எண்கள் சமமானால் கடைசியாகச் சேர்ந்திருந்ததற்கே முதன்மை. என் அபிப்பிராயத்தில் மூன்றினுள் இதுவே கௌரவமான முறை, ஏனெனில் கணக்கு வெளிப்படையாக இருக்கிறது.

ஒருமுறை சேர்ந்துவிட்டால் எளிதில் விட்டு விலகாததும் இவற்றின் சுபாவம். ஒரே பெயரில் இரண்டு ரௌட்டர்கள் இருக்கும் வீட்டில்கூட, மாக் கம்ப்யூட்டர் தன் சிக்னல் மைனஸ் 75 டிபிஎம் என்ற அளவுக்குத் தேய்ந்த பிறகே அடுத்ததைத் தேடத் தொடங்கும்.

இவையெல்லாம் சௌகரியத்தைப் பற்றியவை. விபரீதம் வேறோரிடத்தில் இருக்கிறது. கம்ப்யூட்டர் ஞாபகம் வைத்திருப்பது பெரும்பாலும் பெயரையும் பாதுகாப்பு முறையையுந்தானே தவிர, இன்ன ஊரில் இன்ன கட்டடத்தில் இருந்த ரௌட்டர் என்பதை அன்று. வாசலில் நின்று உறவினர் பெயரைச் சொன்ன எவருக்கும் கதவைத் திறந்துவிடும் வெகுளியைப் போல, பாஸ்வேர்டு இல்லாத பழைய ஹோட்டல் வைஃபையின் பெயரை வேறொருவன் தன் சாதனத்துக்குச் சூட்டி அருகே வைத்தால், கம்ப்யூட்டர் அதில் தானாகவே சேர்ந்துவிடக்கூடும். பாஸ்வேர்டு உள்ள இணைப்பில் இந்த வஞ்சனை அவ்வளவு சுலபமன்று. இரு தரப்பும் ஒரே பாஸ்வேர்டை அறிந்திருப்பதை ஒன்றுக்கொன்று நிரூபித்தாலொழிய இணைப்பு பூர்த்தியாகாது. ஆகையால் பிரயாணங்களில் சேர்ந்த திறந்த இணைப்புகளை ஜாபிதாவிலிருந்து நீக்கிவிடுவது, அல்லது அவற்றுக்குத் தானாகச் சேரும் வசதியை நிறுத்திவிடுவது உசிதம்.

வீட்டு ரௌட்டரின் பெயரை அறிவிக்காமல் மறைத்து வைத்தால் ஜாக்கிரதை என்று எண்ணுவோரும் உண்டு. ரௌட்டர் வாய் திறவாதிருந்தால், அதைக் கண்டுபிடிக்கும் பொருட்டுக் கம்ப்யூட்டர்தான் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டியிருக்கிறது. அது வீட்டில் மட்டும் கூப்பிடுவதில்லை, ரயில் நிலையத்திலும் விமான நிலையத்திலும்கூடக் கூப்பிடக்கூடும்.