கணினியும் பஞ்சாங்கமும்

'இன்று என்ன திகதி?' என்று எவரேனும் வினவினால், நம் இல்லத்துச் சிறுவனும் சுவரில் தொங்கும் கலண்டரைப் பார்த்து விடை கூறிவிடுவான். அதே வீட்டுப் பாட்டியாரைக் கேட்டால், ஆனி பிறந்து பத்தாம் நாள் என்றும், வளர்பிறைச் சஷ்டி என்றும் மொழிவார். அயல்வீட்டு முஸ்லிம் அன்பர் ஹிஜ்ரி மாதத்தைக் குறிப்பார். சிங்கள நண்பரோ அடுத்த போயா எப்போது என்று எண்ணிக்கொண்டிருப்பார். நாள் ஒன்றே, அதற்கு மனிதர் இட்ட பெயர்கள் பல. இப்பன்மையோடு நாம் இடர்ப்பாடின்றி வாழ்ந்து வருகின்றோம். ஆயின், நம் பிறப்புப் பதிவு, வங்கிக் கணக்கு, ஓய்வூதியம், பரீட்சை விண்ணப்பம் யாவற்றையும் இன்று தன் வயிற்றிற் காத்து நிற்கும் கணினிக்கு இப்பன்மையை எங்ஙனம் கற்பிப்பது? மென்பொருள் எழுதுவோரை நெடுங்காலமாக வருத்திவரும் வினாக்களுள் இஃதும் ஒன்று.

கலண்டரில் இல்லாத நாட்கள்

பூமி சூரியனை ஒருமுறை வலம்வர ஏறத்தாழ 365.2422 நாட்கள் செல்கின்றன. யூலியஸ் சீசர் கி.மு. 45ஆம் ஆண்டில் நடைமுறைக்குக் கொணர்ந்த கலண்டர் அதனை 365¼ நாள் எனக் கொண்டது. ஆண்டொன்றுக்கு வேற்றுமை பதினொரு நிமிடமே. எனினும் சிறு துளி பெருவெள்ளமாவதுபோல, ஏறக்குறைய 128 ஆண்டுகளில் அது ஒரு முழு நாளாகத் திரண்டது. 1582ஆம் ஆண்டில் பதின்மூன்றாம் கிரகோரிப் பாப்பரசர் இதனைத் திருத்தினார். ஒக்டோபர் 4ஆம் திகதி வியாழக்கிழமைக்கு மறுநாள், 15ஆம் திகதி வெள்ளிக்கிழமை ஆயிற்று. இடையிலுள்ள பத்து நாட்கள் எவர் வாழ்விலும் வரவில்லை. நூற்றாண்டு முடிவுகளில் 400ஆல் வகுபடுவன மாத்திரமே நெட்டாண்டு என்ற விதியும் அப்பொழுது பிறந்தது. ஆதலின் 2000 நெட்டாண்டு. 1900 அன்று, 2100உம் அன்று.

எல்லா நாடுகளும் உடனே இணங்கினவோ எனின், இல்லை. பிரித்தானியா 1752இல்தான் இணங்கியது. அங்கு செப்டெம்பர் 2க்கு அடுத்த நாள் 14. இரஷ்யா 1918இல் இணங்கியது. ஒக்டோபர்ப் புரட்சியின் ஆண்டுவிழா நவம்பரில் வருவதன் காரணமும் இதுவே. ஆகவே, 1752 செப்டெம்பரில் எத்தனை நாட்கள் என்று கணினியை வினவினால், 'எந்த ஊரில்?' என்று அது திருப்பிக் கேட்டல் வேண்டும். உரோமாபுரியில் 30, இலண்டனில் 19.

இவ்விதிகளை மறந்ததனால் விளைந்த புதுமைகளும் உள. 'லோட்டஸ் 1-2-3' என்னும் கணக்கேட்டு மென்பொருள் 1900ஐ நெட்டாண்டாகக் கொண்டது. பின்வந்த 'எக்செல்' பழைய கணக்கேடுகளோடு ஒத்துப்போகும் பொருட்டு அப்பிழையை அறிந்தே ஏற்றுக்கொண்டது. உலகில் என்றுமே விடியாத 1900 பெப்ரவரி 29 அதில் இன்றும் இருக்கின்றது!

ஒரு மாதம் என்பது எத்தனை நாள்?

திகதியினும் தொல்லை மிக்கது கால அளவு. ஜனவரி 31இல் கடன் பெற்றவர் 'ஒரு மாதத்தில்' திருப்புவதாகக் கூறினால், எந்நாளிற் கொடுத்தல் வேண்டும்? பெப்ரவரி 28இலா, மார்ச் 2இலா? மனிதர் பேசித் தீர்த்துக்கொள்வர். கணினிக்கோ முன்கூட்டியே விதி வகுத்தல் வேண்டும். மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் 'அஷூர்' சேவை 2012 பெப்ரவரி 29ஆம் நாளன்று பல மணிநேரம் முடங்கிக் கிடந்தது. ஓராண்டு செல்லுபடியாகும் சான்றிதழ் ஒன்றை ஆக்கும்போது, ஆண்டின் எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் போதுமென அம்மென்பொருள் கருதியது. விளைந்தது 2013 பெப்ரவரி 29 என்னும் இல்லாத நாள்.

வாரத்துக்கு ஏழு நாள் என்பதேனும் உறுதியோ? 1966 முதல் 1971 வரை நம் நாட்டில் சனி, ஞாயிறு விடுமுறைக்குப் பதிலாகப் போயாவும் அதன் முன்னாளுமே வாரவிடுமுறையாக இருந்தன. சந்திரனின் கால்வட்டம் ஏழு நாளினும் சற்று நீண்டதாதலின், ஒரு விடுமுறைக்கும் மறு விடுமுறைக்கும் இடையேயுள்ள காலம் ஒரே அளவாக அமையவில்லை. ஞாயிறு பெரும்பாலும் வேலைநாளே. அவ்வாண்டுகளில் ஒருவர் எத்தனை நாள் பணிசெய்தார் என்று கணிக்கப் புகும் மென்பொருள் இவ்வரலாற்றையும் அறிந்திருத்தல் வேண்டும்.

இருமுறை வந்த அரைமணி

1996 மே மாதம் 25ஆம் நாள், மின்சாரத்தைச் சேமிக்கும் பொருட்டு, இலங்கையின் கடிகாரங்கள் ஒரு மணிநேரம் முன்தள்ளப்பட்டன. அவ்வாண்டு ஒக்டோபர் 26இல் அரைமணி பின்வாங்கின. 2006 ஏப்ரில் 15இல் மீண்டும் பழைய ஐந்தரை மணிக் கணக்குக்கே திரும்பின. அன்று நள்ளிரவுக்குப் பின் 12.30 ஆனதும் முட்கள் 12.00க்குத் திருப்பப்பட்டமையால், அந்த அரைமணி இருமுறை வந்தது. அவ்விரவில் இரட்டைக் குழந்தைகள் பிறந்திருப்பின், மூத்தது 12.25க்கும் இளையது 12.05க்கும் பிறந்ததாகப் பதிவாகியிருத்தல் கூடும். ஏட்டைப் பார்ப்பவர் இளையதை மூத்ததென்பர்!

இது வெறும் வேடிக்கையன்று. இலக்கினம் ஏறத்தாழ இரண்டு மணிக்கொருமுறை மாறுவது. அப்பத்தாண்டுகளிற் பிறந்தோரின் சாதகத்தை இன்று கணினியிற் கணிக்கும்போது, அந்த அரைமணியையோ ஒரு மணியையோ கழியாதுவிடின், இலக்கினமே மாறிவிடலாம். அக்காலத்தில் வடக்கே விடுதலைப் புலிகளின் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளில் பழைய நேரமே வழங்கிற்று என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. திருமணப் பேச்சு நடக்கும் வீடுகளில், பிறந்த நேரத்தோடு அஃது எந்தக் கடிகாரத்தின் நேரம் என்பதையும் கேட்டறிதல் நன்று.

அறுபதும் நூறும்

2000ஆம் ஆண்டு நெருங்கியபோது உலகம் அஞ்சியதை மூத்தோர் மறந்திரார். பழைய மென்பொருள்கள் ஆண்டின் ஈற்றிரு இலக்கங்களை மட்டுமே எழுதிவைத்தன. '00' என்பது 1900ஆ, 2000ஆ என அவற்றுக்குத் தெரியாது. அத்தவறுகளைத் திருத்தப் பெரும்பொருள் செலவாயிற்று.

இத்தகைய மயக்கம் தமிழர்க்குப் புதிதன்று. நம் பிரபவ முதலிய ஆண்டுப் பெயர்கள் அறுபதாண்டுக்கொருமுறை சுழல்வன. பழைய ஓலையொன்றில் 'பிரபவ வருடம்' என்று மட்டும் காணப்படின், அது 1927ஆ, 1987ஆ, அன்றி அதற்கும் முந்தியதா என்று துணிதல் அரிது. அதனாலேயே சகாப்தத்தையோ கலியாண்டையோ சேர்த்தெழுதும் வழக்கமும் இருந்தது. நம் மாதங்களும் சூரியன் இராசி புகும் வேளையைப் பொறுத்தவை. மார்கழி 29 நாளில் முடிதலும் உண்டு; ஆனி 32 நாள் நீளுதலும் உண்டு. வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் வேளையில் வேறுபடும். ஹிஜ்ரி மாதமோ பிறை கண்ட பின்னரே உறுதியாகும். எத்துணை வல்ல கணினியும் அம்முடிவுக்குக் காத்திருத்தலே முறை.

முன்னோர் கண்ட வழி

இவற்றுக்கு மாற்று யாது? மாதம், ஆண்டு என்பவற்றை ஒருபால் ஒதுக்கி, ஒரு தொடக்கத்திலிருந்து நாட்களை இடையறாது எண்ணிவருதலே. யோசேப்பு ஸ்காலிகர் என்னும் ஐரோப்பிய அறிஞர் 1583இல் கி.மு. 4713ஐத் தொடக்கமாக வைத்து ஒரு காலக்கணக்கை வகுத்தார். வானியலார் இன்றும் அத்தொடக்கத்திலிருந்தே நாட்களை எண்ணுகின்றனர். நம் பஞ்சாங்க கணிதரோ அவருக்கு நெடுங்காலம் முன்பே, கி.மு. 3102இல் தொடங்கும் கலியுக நாளெண்ணிக்கையைக் கொண்டே கிரகங்களைக் கணித்துவந்தனர். புதுச்சேரியில் தமிழ்க் கணிதர் ஒருவர், மனனம் செய்த வாக்கியங்களைக் கொண்டு, சோழிகளை நிலத்தில் வைத்துச் சந்திர கிரகணத்தைக் கணித்ததை ஜோன் வாரன் என்பவர் 1825இல் வெளிவந்த தம் நூலில் வியந்து பதிந்துள்ளார்.

இக்காலக் கணினிகளிற் பல, 1970 ஜனவரி முதல் நாளிலிருந்து விநாடிகளை எண்ணுகின்றன. பழைய இயந்திரங்களில் அவ்வெண்ணுக்கு ஒதுக்கிய இடம் 2038 ஜனவரி 19இல் நிரம்பிவிடும். அதற்கான திருத்தங்கள் நடந்து வருகின்றன.

ஆயினும் எல்லாவற்றையும் விநாடியாக்குதலும் தகாது. கொழும்பில் நள்ளிரவு எனக் குறித்த பிறந்தநாள், இலண்டனிலுள்ள கணினிக்கு முந்திய நாள் மாலையாகத் தோன்றும். கடல்கடந்து வாழும் நம் பிள்ளைகளின் பத்திரங்களில் ஒருநாள் பிசகு நேர இத்தகைய கவனக்குறைவே போதும். பின்னர் அவர்கள் அலுவலகம் அலுவலகமாக அலையவேண்டியதுதான். பிறந்தநாள் ஒரு நாளேயன்றி ஒரு கணமன்று. அதனை நாளாகவே எழுதிவைத்தல் வேண்டும். நடந்து முடிந்த நிகழ்ச்சிக்கு உலகப் பொதுநேரம் பொருந்தும். நாளை நடக்கவிருக்கும் கூட்டத்துக்கோ, ஊரும் அவ்வூர்க் கடிகார நேரமும் குறித்தல் வேண்டும். ஏனெனில் இடையில் அரசு நேரத்தை மாற்றினும் மக்கள் தம் கடிகாரத்தைப் பார்த்தே வருவர்.

மென்பொருட் கலை பயிலும் மாணவர் இதனை உளங்கொள்வாராக. சூரியனும் சந்திரனும் தத்தம் வழியிற் செல்கின்றன. நாளும் நாழிகையும் மனிதர் கூடி வகுத்த உடன்பாடுகள். அவ்வுடன்பாடு ஊருக்கூர், காலத்துக்குக் காலம் வேறுபடும். தாம் எழுதும் ஒவ்வொரு திகதிக்கும் பின்னால் ஒரு மனிதரின் பிறப்போ, கடனோ, ஓய்வூதியமோ இருக்கின்றது என்பதை மறவாதவர்க்கு, 'எந்த ஊர், எந்தப் பஞ்சாங்கம்?' என்ற கேள்வி தானே எழும்.