கடைசி ஓவரை யாரிடம் கொடுப்பது?

2023ஆம் ஆண்டு மே 30, அதிகாலை மணி நான்கு. கெலுகோரில், நம் மிண்டன் வளாகத்திற்குச் சற்றுத் தள்ளியுள்ள ஒரு மாமாக் கடை. விடிந்தால் வேலை. ஆனாலும் முன்னாள் மாணவர்கள் நாங்கள் ஐந்து பேரும், பக்கத்து மேசைகளில் இந்நாள் மாணவர்கள் பலரும் தே தாரிக் ஆறிப்போனது தெரியாமல் திரையையே பார்த்துக் கொண்டிருந்தோம். அகமதாபாத்தில் ஐ.பி.எல். இறுதியாட்டம். மழையால் ஒரு நாள் தள்ளிப்போய், மறுநாளும் மழை குறுக்கிட்டு, சென்னை சூப்பர் கிங்ஸ் அணிக்கு 15 ஓவரில் 171 ஓட்டங்கள் என்ற இலக்கு. கடைசி ஓவரில் தேவை 13.

குஜராத்தின் மோகித் சர்மா முதல் நான்கு பந்துகளில் மூன்றே ஓட்டங்கள்தான் கொடுத்தார். எல்லாம் மட்டையாளரின் காலடியில் குத்திய பந்துகள். அதன் பிறகு களத்திற்குள் தண்ணீர் வந்தது. அணித்தலைவர் வந்து பேசினார். அடுத்த பந்தை ஜடேஜா சிக்ஸருக்கு அனுப்பினார். கடைசிப் பந்து பவுண்டரி. கடையே எழுந்து ஆடியது! சென்னைக்கு ஐந்தாவது கிண்ணம். நானும்தான் கத்தினேன். ஆனால் திரையில் மோகித்தின் முகத்தைக் காட்டியபோது எனக்கு வேறொரு முகம் நினைவுக்கு வந்துவிட்டது.

அந்தப் பருவத்தில் அவர் எடுத்த விக்கெட்டுகள் 27. உலகம் நினைவில் வைத்திருப்பதோ இரண்டு பந்துகளை! கடைசி ஓவர் போடுபவனின் தலையெழுத்து இதுதானா? ஒரு அணியின் இறுதிக்கட்டப் பந்துவீச்சு ஓட்டையாக இருந்தால் அதை அடைப்பது எப்படி? இந்தக் கேள்விக்கு நான் பல ஆண்டுகளாக விடை தேடி வருகிறேன். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

நான் செய்த தவறு

படிக்கும் காலத்தில் எங்கள் தங்கும் விடுதி அணிக்கு நான்தான் கேப்டன். டென்னிஸ் பந்து, ஆளுக்கு 12 ஓவர் ஆட்டம், ஒருவருக்கு மூன்று ஓவர் என்பது விதி. எங்களிடம் நல்ல பந்துவீச்சாளர்கள் இருவர் இருந்தனர். எதிரணியைத் தொடக்கத்திலேயே நசுக்கிவிட வேண்டும் என்ற ஆசையில் ஏழாவது ஓவர் முடிவதற்குள் இருவரின் ஆறு ஓவர்களையும் தீர்த்துவிட்டேன். கடைசி ஓவருக்கு ஆள் தேடியபோது மிஞ்சியிருந்தவர் கெடாவிலிருந்து வந்த ஒரு முதலாண்டு மாணவர். எதிரணிக்குத் தேவை 11 ஓட்டங்கள்.

"அண்ணே, நான் கடைசி ஓவர் போட்டதே இல்லண்ணே."

"போடு தம்பி, பார்த்துக்கலாம்."

முதல் பந்து வைட். அடுத்தது ஃபுல் டாஸ், சிக்ஸர். அதற்கடுத்த பந்தில் ஓட்டமில்லை. பிறகு ஒரு பவுண்டரி. மூன்று பந்துகள் மீதமிருக்கத் தோற்றோம். அடுத்த வாரப் பயிற்சிக்கு அந்தத் தம்பி வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. "பையனுக்குத் தைரியம் போதாது" என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

ஏன் இவ்வளவு கடினம்?

இருபது ஓவர் ஆட்டத்தில் ஒருவர் அதிகம் போனால் நான்கு ஓவர்கள், அதாவது 24 பந்துகள்தான் வீசலாம். ஆகவே குறைந்தது ஐந்து பேர் வேண்டும். முதல் ஆறு ஓவர்களில் வட்டத்திற்கு வெளியே இரண்டு ஆட்டக்காரர்களை மட்டுமே நிறுத்தலாம். அதன் பின் ஐவரை நிறுத்தலாம். கடைசி ஐந்து ஓவர்களுக்குள் மட்டையாளர்கள் வரும்போது, கையில் விக்கெட்டுகள் இருந்தால் ஆட்டமிழக்கும் அச்சம் அவர்களுக்குக் குறைந்துவிடுகிறது. எல்லாப் பந்தையும் தூக்கி அடிக்கத் துணிகிறார்கள்.

அவர்களைக் கட்டுப்படுத்தும் முதன்மையான ஆயுதம் யார்க்கர். காலடியில் குத்தும் பந்து. மட்டையைப் பந்துக்கு அடியில் கொண்டுபோக இடமிருக்காது என்பதே அதன் சூட்சுமம். ஆனால் ஒரு சாண் முன்னே போனால் அது ஃபுல் டாஸ். ஒரு சாண் பின்னே விழுந்தால் வாட்டமாக அடிக்கத்தக்க பந்து. வியர்வையிலும் பனியிலும் நனைந்த பந்தைக் கொண்டு, ஆயிரக்கணக்கானோர் கத்தும்போது இதை ஆறு முறை செய்ய வேண்டும். இது தைரியம் மட்டும் சார்ந்த விஷயமா? இல்லை. ஆயிரம் முறை போட்டுப் பழகிய கைக்குத்தான் அந்த நேரத்தில் தைரியமும் வரும்.

இதற்கு நம் கண்முன் உள்ள சான்று நடராஜன். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர். 2020 ஐ.பி.எல். பருவத்தில் ஹைதராபாத் அணியின் புவனேஷ்வர் குமார் காயமடைந்து வெளியேற, இறுதி ஓவர்களின் சுமை நடராஜன் மீது இறங்கியது. அந்தப் பருவத்தில் 16 விக்கெட்டுகள் எடுத்தார். வெளியேற்றச் சுற்றில் டிவில்லியர்ஸின் குச்சியைப் பெயர்த்த யார்க்கரை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் கையும் நம்மைப் போல் டென்னிஸ் பந்தில் பழகிய கைதான் என்பதை நம் விடுதி ஆட்டக்காரர்கள் கவனிக்க வேண்டும்.

பேஸ்பால் சொல்லும் பாடம்

இதே சிக்கல் அமெரிக்கர்களின் பேஸ்பாலில் இன்னும் வெளிப்படையானது. இடைநிலைப்பள்ளியில் சாஃப்ட்பால் ஆடியவர்களுக்கு இது எளிதில் புரியும். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தைத் தொடங்கும் பந்துவீச்சாளர் களைத்ததும், அவருக்குப் பதிலாக மாற்றுப் பந்துவீச்சாளர்கள் ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். ஆட்டத்திலிருந்து எடுக்கப்பட்டவர் அதே ஆட்டத்திற்குத் திரும்ப முடியாது. எனவே யாரை எப்போது அழைப்பது என்பதே பயிற்றுநரின் தலைவலி.

2019இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் அணி முதல் 50 ஆட்டங்களில் 19இல் மட்டுமே வென்றது. அந்தப் பருவத்தில் அதன் மாற்றுப் பந்துவீச்சாளர்கள் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 5.66 ஓட்டங்கள் கொடுத்தார்கள். தேசிய லீக்கின் 15 அணிகளில் மிக மோசமான கணக்கு இதுதான். ஜூலை 31ஆம் நாள் அணி மூன்று மாற்றுப் பந்துவீச்சாளர்களை வாங்கியது. அவர்களில் நிலைத்துக் கைகொடுத்தவர் டேனியல் ஹட்சன் ஒருவரே.

அப்படியென்றால் கிண்ணம் எப்படிக் கிடைத்தது? இறுதிச் சுற்றுகளில், ஆட்டத்தைத் தொடங்கும் தன் சிறந்த பந்துவீச்சாளர்களையே அணி ஆட்டத்தின் பிற்பகுதிக்கும் கொண்டுவந்தது. அக்டோபர் 30ஆம் நாள் ஹூஸ்டனில் ஏழாவது இறுதியாட்டம். 2–0 எனப் பின்தங்கியிருந்த வேளையில், வழக்கமாக ஆட்டத்தைத் தொடங்கும் பேட்ரிக் கார்பின் ஆறாவது இன்னிங்ஸில் வந்து, மூன்று இன்னிங்ஸில் ஒரு ஓட்டமும் கொடுக்காமல் தாங்கினார். ஒன்பதாவதை ஹட்சன் முடித்தார். 6–2 என வெற்றி!

நம்மிடம் உள்ள நல்ல கை, ஆபத்தான நேரத்தில் ஓய்வறையில் உட்கார்ந்திருக்கக் கூடாது. நான் செய்த தவறு இதன் நேர் எதிர். என் நல்ல கைகள் இரண்டும் கடைசி ஓவரின்போது எல்லைக்கோட்டருகே நின்று வேடிக்கை பார்த்துக் கொண்டிருந்தன.

சென்னை தேறியது எப்படி?

மீண்டும் சென்னைக்கு வருவோம். 2023இல் கிண்ணம் வென்ற இதே அணி, முந்தைய ஆண்டு 14 ஆட்டங்களில் நான்கில் மட்டும் வென்று, பத்து அணிகளில் ஒன்பதாவதாக முடித்தது. 14 கோடி ரூபாய் கொடுத்து வாங்கிய தீபக் சாஹர் காயத்தால் ஒரு பந்தும் வீசவில்லை. இறுதி ஓவர்களில் அணி திண்டாடியது. 2022 மார்ச் 31 அன்று லக்னோவுக்கு எதிராக 210 ஓட்டங்கள் எடுத்தும் தோற்றது. 12 பந்துகளில் 34 தேவைப்பட்ட நிலையில், 19ஆவது ஓவர் பகுதிநேரப் பந்துவீச்சாளரான சிவம் துபேயிடம் போனது. அதில் போனவை 25 ஓட்டங்கள். அதைப் பார்த்தபோது எனக்கு என் விடுதி ஆட்டமே திரையில் ஓடுவது போலிருந்தது.

அடுத்த ஆண்டுக்குள் என்ன மாறியது? முதலில், ஐ.பி.எல். ஆட்டங்களில் 183 விக்கெட்டுகள் எடுத்து ஓய்வுபெற்ற டுவைன் பிராவோ பந்துவீச்சுப் பயிற்றுநரானார். கடைசி ஓவர்களிலேயே வாழ்ந்தவர் அவர். இரண்டாவதாக, 2022இல் காயமடைந்த ஆடம் மில்னுக்குப் பதிலாக வந்த கண்டி இளைஞர் மதீஷ பதிரனவுக்கு ஒரு நிலையான வேலை கொடுக்கப்பட்டது. புதுப் பந்து சாஹருக்கும் துஷார் தேஷ்பாண்டேவுக்கும். நடு ஓவர்கள் ஜடேஜாவுக்கும் தீக்‌ஷணவுக்கும். பதிரனவுக்குப் பெரும்பாலும் ஆட்டத்தின் பிற்பாதி. தன்னை எப்போது அழைப்பார்கள் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். 12 ஆட்டங்களில் 19 விக்கெட்டுகள் எடுத்தார். தேஷ்பாண்டே 21 எடுத்தார்.

எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. ஏப்ரல் 3ஆம் நாள் சேப்பாக்கத்தில் லக்னோவுக்கு எதிராக 13 வைட், 3 நோ-பால்! 217 ஓட்டங்கள் எடுத்தும் 12 ஓட்ட வித்தியாசத்தில்தான் வெற்றி கிட்டியது. இப்படியே போனால் வேறொரு தலைவரின் கீழ் ஆட வேண்டியிருக்கும் என்று தோனி வெளிப்படையாகவே எச்சரித்தார். அப்படி எச்சரித்தவர் அந்தப் பிள்ளைகளை ஒதுக்கிவிடவில்லை என்பதுதான் முக்கியம்.

மே 23 அன்று குஜராத்துடனான தகுதிச் சுற்றில் இன்னொரு காட்சி. களத்தை விட்டுச் சற்று நேரம் வெளியே போயிருந்த பதிரன, உடனே பந்துவீச முடியாது என்று நடுவர்கள் தடுத்தார்கள். தோனியும் மற்றவர்களும் நடுவர்களிடம் பேசிக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பேச்சிலேயே தேவையான நிமிடங்கள் கழிந்தன. 16ஆவது ஓவரைப் பதிரனவே வீசினார். அது சரியா தவறா என்ற விவாதம் அப்போதே எழுந்தது. ஆனால் அந்த ஓவருக்கு யார் வேண்டும் என்பதில் தோனிக்கு ஐயமே இல்லை.

இன்னொன்றும் உண்டு. பதிரன நீண்ட நாள் ஆட்டங்களில் களைத்துப் போகக் கூடாது என்று அதே மாதம் தோனி பேசினார். அரிய கையைக் காப்பாற்றிப் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் பொருள். அந்தக் கவலை வீண் கவலையன்று. 2024இல் காயம் அவரைப் பாதியில் நிறுத்தியது. 2025இல் பழைய கூர்மை இல்லை. சென்னை முதன்முறையாகப் பட்டியலின் கடைசி இடத்தில் முடித்தது. பிறகு அணி அவரை விடுவித்தது. ஆக, இந்த ஓட்டையை ஒருமுறை அடைத்துவிட்டால் போதும் என்று யாரும் நிம்மதியாக இருக்க முடியாது.

நம் அணிகளுக்கு

இவற்றிலிருந்து நான் கற்றதைச் சுருக்கமாகத் தருகிறேன்.

ஒன்று: ஓவர்களைக் கடைசியிலிருந்து பங்கிடுங்கள். 12 ஓவர் ஆட்டமென்றால் முதலில் 12ஆவது, 10ஆவது ஓவர்களுக்குப் பெயர் எழுதுங்கள்; மற்றவற்றைப் பிறகு நிரப்புங்கள்.

இரண்டு: கடைசி ஓவர் யாருக்கு என்பதை ஆட்டத்திற்கு முதல் நாளே அவரிடம் சொல்லுங்கள். அவர் காயமடைந்தால் அடுத்தவர் யார் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

மூன்று: பயிற்சியில் அந்த நிலையை உருவாக்குங்கள். மட்டையாளரின் காலடியில் ஒரு பழைய காலணியை வைத்துக் குறிபார்க்கச் சொல்லுங்கள். பந்தைத் தண்ணீரில் நனைத்துக் கொடுங்கள். "ஆறு பந்து, பத்து ஓட்டம்" என்று சொல்லி விளையாட விடுங்கள். களைத்த பிறகு போடச் சொல்லுங்கள்.

நான்கு: ஓவரின் நடுவில் புதிய யோசனைகளைக் கொட்டாதீர்கள். பேச வேண்டியதை ஓவர் தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள்.

ஐந்தாவதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அந்தக் கெடா தம்பிதான். இறுதியாட்டம் முடிந்த மறு ஆண்டு தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் படியடியில் அவரைக் கண்டேன். தோளில் மகள். நான் தயங்கித் தயங்கி அந்தப் பழைய ஓவரைப் பற்றிப் பேசி மன்னிப்புக் கேட்டேன். சிரித்தார்.

"தோத்ததுக்காக நான் வராம இல்லண்ணே. ஆட்டம் முடிஞ்சு யாருமே என்கிட்ட பேசல. நீங்ககூட பையைத் தூக்கிட்டுப் போயிட்டீங்க. இனிமே நான் வேண்டாம்போலன்னு நினைச்சேன்."

அவருக்குத் தைரியம் போதாது என்று இத்தனை ஆண்டுகள் நினைத்திருந்தேன். அன்று அவர் அருகில் போய் உட்காரும் தைரியம் எனக்குத்தான் இல்லாமல் போயிருக்கிறது. ஆகவே ஐந்தாவது விதி: கடைசி ஓவரில் தோற்றவரிடம் முதலில் போய்ப் பேச வேண்டியவர் கேப்டன். என்ன நடந்தது என்று கேளுங்கள். அடுத்த வாரப் பயிற்சிக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று சொல்லுங்கள். அது போதும்.

இது கிரிக்கெட்டுக்கு மட்டும்தானா என்பதை நம் கழகத்தின் இன்றைய செயலவையினர் யோசிக்கட்டும். கலை இரவின் கடைசி ஒரு மணி நேரத்தை, ஒத்திகையே பார்க்காத முதலாண்டு மாணவரிடம் "பார்த்துக்கலாம்" என்று சொல்லி ஒப்படைக்கும் வழக்கம் நம்மிடம் இல்லையா? அந்தச் சொல்லை நானும் ஒரு காலத்தில் மிகத் தாராளமாகச் சொன்னவன். இப்போது அதைச் சொல்வதற்கு முன் என்னையே கேட்டுக்கொள்கிறேன்: பார்த்துக்கொள்ளப் போவது யார்?