அல்சைமர்: ரத்தப் பரிசோதனை வந்தாச்சு, மூளை ஸ்கேன் இனி தேவையில்லையா?

அப்பா வண்டிச் சாவியைத் தேடினால் 'வயசாகிடுச்சு' என்று விட்டுவிடுகிறோம். அம்மா ஒரே கேள்வியை ஒரு மணி நேரத்தில் நாலு தடவை கேட்டால்தான் பயம் வருகிறது: அல்சைமரா இருக்குமோ? இதைக் கண்டறிய உதவும் ரத்தப் பரிசோதனைக்கு 2025 மே மாதம் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ முதல்முறையாக அனுமதி அளித்தது.

மூளையில் என்ன நடக்கிறது?

1906-ல் ஜெர்மன் மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர், இறந்துபோன நோயாளி ஒருவரின் மூளையில் இரண்டு விஷயங்களைக் கண்டதாக அறிவித்தார். ஒன்று, நரம்பு செல்களுக்கு வெளியே படியும் கட்டிகள்; அது அமிலாய்டு புரதம். இன்னொன்று, செல்லுக்குள் சிக்கிக்கொள்ளும் முடிச்சுகள். அது டாவ் புரதம். மறதி வெளியே தெரிவதற்கு 15, 20 வருடங்களுக்கு முன்பே அமிலாய்டு சேரத் தொடங்கிவிடும்.

ஸ்கேன் எதைக் காட்டும்?

எம்.ஆர்.ஐ, மூளை சுருங்கியிருப்பதைக் காட்டும். மறதிக்குக் காரணம் பக்கவாதமா, கட்டியா என்றும் சொல்லும். ஆனால், அமிலாய்டு படிவு அதில் தெரியாது. அதற்கு பெட் ஸ்கேன் வேண்டும். அமிலாய்டில் ஒட்டிக்கொள்ளும் கதிரியக்க மருந்தை நரம்பில் ஏற்றிப் படமெடுப்பார்கள். செலவு அதிகம், எல்லா ஊரிலும் கிடைக்காது. மாற்று வழி, முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீரை எடுப்பது.

ரத்தத்தில் எப்படித் தெரியும்?

அமிலாய்டு சேரும்போது டாவ் புரதமும் மாறுகிறது. 'பி-டாவ்217' என்ற அந்த மாறிய வடிவம் கொஞ்சமாக ரத்தத்திலும் கலக்கும். அனுமதி பெற்ற பரிசோதனை, இதற்கும் ரத்தத்தில் உள்ள அமிலாய்டுக்குமான விகிதத்தைக் கணக்கிடுகிறது.

499 பேரின் ரத்த மாதிரிகளில் சோதித்தபோது, பாசிட்டிவ் வந்தவர்களில் 91.7% பேருக்கு அமிலாய்டு இருப்பதை ஸ்கேனோ தண்டுவட நீரோ உறுதிசெய்தது. நெகட்டிவ் வந்தவர்களில் 97.3% பேருக்கு அது இல்லை. 20 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்குத்தான் 'தெளிவில்லை' என்று வந்தது. அப்படிப்பட்டவர்களுக்கு ஸ்கேன் தேவைப்படும்.

பாசிட்டிவ் என்றால் அல்சைமரா?

அவசரப்பட வேண்டாம். நினைவாற்றல் நன்றாக இருக்கும் முதியவர்கள் பலரின் மூளையிலும் அமிலாய்டு இருக்கும். சிறுநீரக நோய் இருந்தாலும் பி-டாவ்217 கூடலாம். அதனால்தான் 55 வயதைத் தாண்டி, அறிகுறிகளும் உள்ளவர்களுக்கு மட்டுமே இந்த அனுமதி. சும்மா தெரிஞ்சுக்கலாமே என்று 30 வயதில் எடுக்கும் டெஸ்ட் இல்லை இது.

சீக்கிரம் தெரிந்து என்ன பயன்?

லெக்கானெமாப் (2023), டொனானெமாப் (2024) ஆகிய மருந்துகளுக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்திருக்கிறது. இவை நோயைக் குணப்படுத்தாது. ஆரம்ப நிலையில் அதன் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். மூளையில் வீக்கம், ரத்தக்கசிவு வரலாம் என்பதால் அடிக்கடி எம்.ஆர்.ஐ எடுத்தாக வேண்டும். ஆக, ஸ்கேனுக்கு ஓய்வு இல்லை.

நாம் என்ன செய்யலாம்?

வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு, மனச்சோர்வு, சில மாத்திரைகள் எல்லாமே மறதியைத் தரும், பெரும்பாலும் சரிசெய்யக்கூடியவை. மறதி எப்போது ஆரம்பித்தது, பணக் கணக்கு தடுமாறுகிறதா, தெரிந்த தெருவிலேயே வழி தவறுகிறார்களா என்று குறித்துவையுங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலோடு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். எந்த டெஸ்ட் வேண்டும் என்பதை அவர் சொல்லட்டும்.