தானமாக வந்த முட்டை, தயாராக வேண்டிய கருப்பை

மும்பையில் மாட்டுங்காவிலிருந்து இரண்டு ரயில் நிலையம் தள்ளியிருக்கிறது பரேல். அங்குள்ள கே.இ.எம். மருத்துவமனையில் 1986 ஆகஸ்ட் 6 அன்று ஒரு பெண் குழந்தை பிறந்தது. டாக்டர் இந்திரா ஹிந்துஜாவும், அதே பரேலில் இருந்த இனப்பெருக்க ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானி டி.சி. ஆனந்த் குமாரும் சேர்ந்து சாதித்த சோதனைக்குழாய்க் குழந்தை அது. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே கொல்கத்தாவில் சுபாஷ் முகோபாத்யாய் இதைச் செய்துவிட்டார் என்று பின்னாளில் எடுத்துச் சொல்லி, அவருக்குரிய பெருமையை வாங்கிக் கொடுத்தவரும் ஆனந்த் குமார்தான்.

1991 ஜனவரி 24 அன்று ஹிந்துஜா நாட்டிலேயே முதல்முறையாக இன்னொன்றைச் சாதித்தார். வேறொரு பெண் தானமாகக் கொடுத்த கருமுட்டையிலிருந்து உருவான குழந்தை பிறந்தது. மாதவிடாய் நின்றுபோனவர்களும், இளவயதிலேயே சினைப்பை ஓய்ந்துபோனவர்களும் கருவைச் சுமக்க முடியும் என்று மும்பை நாட்டுக்குக் காட்டியது.

இன்று செம்பூர், தாதர், அந்தேரி என எங்கும் கருத்தரிப்பு மையங்கள் இருக்கின்றன. நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும் தானமுட்டைச் சிகிச்சைக்கு வருகிறார்கள். முட்டை கொடுத்தவர் இளம்பெண், கரு நன்றாக வளர்ந்திருக்கிறது என்கிறார்கள். இரண்டு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை முடிவு வருகிறது: கரு ஒட்டவில்லை. அடுத்த முறை ஒட்டவைக்க என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு அறிவியலிடம் தெளிவான பதில்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை விலை குறைந்தவை. விலை கூடிய பதில்கள் பலவும் சோதனையில் தோற்றுவிட்டன.

வயது யாருக்கு?

வழக்கமான சோதனைக்குழாய்ச் சிகிச்சை தோற்றால், குறை முட்டையிலா கருப்பையிலா என்று பிரித்துச் சொல்வது கடினம். இரண்டும் ஒரே பெண்ணுடையவை, இரண்டுக்கும் ஒரே வயது. தானமுட்டை இந்த முடிச்சை அவிழ்த்தது. 1990இல் அமெரிக்காவில் மார்க் சாவர், ரிச்சர்டு பால்சன், ரோஜெரியோ லோபோ மூவரும் நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு இளம்பெண்களின் முட்டையிலிருந்து உருவான கருக்களை வைத்தார்கள். இளவயதுப் பெண்களைப் போலவே அவர்களும் கருத்தரித்தார்கள். முட்டைதான் சீக்கிரம் மூப்படைகிறது. கருப்பை வெகுகாலம் தாக்குப்பிடிக்கிறது என்பது அன்று உறுதியானது.

முட்டைக்கு வயது ஏற ஏற, கருவில் குரோமோசோம் எண்ணிக்கை பிசகுவது கூடுகிறது. நாற்பதைத் தாண்டிய பெண்ணின் கருக்களில் பாதிக்கு மேல் இந்தக் கோளாறு இருக்கும். அத்தகைய கருக்களில் பெரும்பாலானவை ஒட்டுவதில்லை. ஒட்டினாலும் நிலைப்பது அரிது. இருபதுகளில் இருப்பவரின் முட்டை இந்தத் தடையைப் பெருமளவு நீக்கிவிடுகிறது. ஆகவே தானமுட்டைச் சிகிச்சைக்கு வரும் பெண்ணைப் பார்த்து, "உனக்கு வயதாகிவிட்டது, அதனால்தான் தங்கவில்லை" என்று மாமியாரோ அண்டை வீட்டாரோ சொன்னால் அது அறிவியலுக்கு ஒவ்வாத பேச்சு.

ஐந்து நாள் கணக்கு

கருப்பையின் உட்சுவர் எல்லா நாளும் கருவை ஏற்காது. முதலில் ஈஸ்ட்ரோஜன் அதைத் தடிமனாக வளர்க்கிறது. பிறகு புரோஜெஸ்டிரோன் அதன் வளர்ச்சியை நிறுத்தி, கருவைப் பற்றிக்கொள்ளும் புரதங்களைச் சுரக்கச் செய்கிறது. இட்லி மாவு புளிக்கும் நேரத்தைப் போன்றது இது: குறைந்தாலும் ஆகாது, கூடினாலும் ஆகாது. இயல்பாகக் கருவுற்ற பெண்களை ஆராய்ந்த ஆலன் வில்காக்ஸ் 1999இல் வெளியிட்ட கணக்கின்படி, நிலைத்த கர்ப்பங்களில் 84 சதவீதம், முட்டை வெளிவந்த 8 முதல் 10ஆம் நாளுக்குள் பதிந்தவை. 9ஆம் நாளுக்குள் பதிந்தவற்றில் 13 சதவீதம்தான் தொடக்கத்திலேயே கலைந்தன. 11ஆம் நாளுக்குப் பிறகு பதிந்தவற்றிலோ 82 சதவீதம் கலைந்தன.

தானமுட்டை பெறும் பெண்ணுக்கு இந்த வரிசையை மருந்தால் உண்டாக்குகிறார்கள். முதலில் சுமார் இரண்டு வாரம் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை. ஸ்கேனில் உட்சுவர் 7 மில்லிமீட்டருக்கு மேல் மூன்று அடுக்காகத் தெரிந்தால் புரோஜெஸ்டிரோன் தொடங்கும். ஐந்து முழு நாள் கடந்ததும் ஐந்து நாள் வளர்ந்த கருவை உள்ளே வைப்பார்கள். அந்த ஐந்து நாளில் ஒரு வேளை மருந்து தவறினாலும் டாக்டரிடம் உடனே சொல்லிவிட வேண்டும்.

மருந்து போட்டால் மட்டும் போதாது, ரத்தத்தில் ஏற வேண்டும். ஸ்பெயினின் வலென்சியாவில் எலேனா லபார்ட்டா குழுவினர் தானமுட்டை பெற்ற பெண்களிடம் கரு வைக்கும் நாளில் புரோஜெஸ்டிரோனை அளந்து, 2017இல் முடிவை வெளியிட்டார்கள். அளவு 9.2 நானோகிராமுக்குக் கீழே இருந்தவர்களில் சுமார் 33 சதவீதத்தினருக்கும், அதற்கு மேல் இருந்தவர்களில் சுமார் 53 சதவீதத்தினருக்கும் கர்ப்பம் தொடர்ந்தது. பிறப்புறுப்பில் வைக்கும் மருந்து சிலருக்குப் போதுமான அளவு ரத்தத்தில் சேர்வதில்லை. அவர்களுக்கு ஊசியாகவும் சேர்த்துக் கொடுக்கலாம். ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை இதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கருப்பையைக் கெடுப்பவை

தானமுட்டைச் சிகிச்சையில் முட்டை ஏறத்தாழ எல்லோருக்கும் ஒரே தரம் என்பதால், கருப்பையைப் பாதிப்பது எது என்று தனியே காண முடிகிறது. உடல் எடை அவற்றில் ஒன்று. 9,587 முதல் சுற்றுகளை அலசிய ஸ்பெயின் ஆய்வில், சரியான எடையுள்ள பெண்களின் முட்டையே எல்லோருக்கும் தரப்பட்டது. இருந்தும், பெறுபவர் பருமனாக இருந்தால் கரு ஒட்டுவதும் குழந்தை பிறப்பதும் குறைந்தன. புகையிலை இன்னொன்று. 2007இல் வந்த ஆய்வில் நாளொன்றுக்குப் பத்துக்கு மேல் சிகரெட் பிடித்த பெண்களில் 34 சதவீதத்தினரும், மற்றவர்களில் 52 சதவீதத்தினரும் கருத்தரித்தார்கள். சிகரெட் தொடாதவர்களும் பல் தேய்க்கும் மிஷ்ரியும் புகையிலைதான் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். சிகிச்சைக்கு முன்பே அதை விட்டுவிடுவது நல்லது.

அடுத்தது கருக்குழாய். அடைபட்டு நீர் கோத்த குழாயிலிருந்து திரவம் கருப்பைக்குள் கசிந்தால், கரு ஒட்டும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறையும். சிகிச்சைக்கு முன் அந்தக் குழாயை அகற்றினால் வாய்ப்பு கூடுகிறது என்பது ஐயமின்றி நிரூபணமானது.

நம் ஊரில் இந்தக் குழாய் அடைப்பின் பின்னால் பலமுறை ஒளிந்திருப்பது காசநோய். உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழக் கால்பங்கினர் இந்தியர்கள். தாராவிபோல் காற்றோட்டமில்லாத சிறு அறையில் ஆறேழு பேர் வாழும் இடங்களில் அது எளிதாகப் பரவுகிறது. நுரையீரலிலிருந்து ரத்தத்தின் வழியே சென்று முதலில் கருக்குழாயில் தங்குகிறது. ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கருப்பை உட்சுவரையும் தாக்குகிறது. பலருக்கு இருமல் இருக்காது, காய்ச்சல் இருக்காது. மாதவிடாய் குறைந்துகொண்டே போவதுதான் சில பெண்களுக்கு ஒரே அறிகுறி. உட்சுவர் தழும்பேறி ஒட்டிக்கொண்டுவிட்டால் எந்த மருந்தாலும் அதைப் பழையபடி வளர்க்க முடியாமல் போகலாம். ஆகவே உட்சுவர் தடிமனாகவில்லை என்று ஸ்கேன் சொன்னால் காசநோயையும் தேட வேண்டும். கிருமியின் மரபணுப் பரிசோதனை ஒன்றை மட்டும் நம்பாமல், திசு ஆய்வு, கிருமி வளர்ப்பு, கருப்பையின் உள்நோக்கு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பதே முறை. நோய் உறுதியானால் ஆறு மாத மருந்து அரசு மையங்களில் இலவசம்.

விலை கூடிய நம்பிக்கைகள்

தோல்வியில் துவண்டு நிற்பவரிடம் எதையும் விற்றுவிடலாம். உட்சுவரைச் சுரண்டிவிட்டால் கரு ஒட்டும் என்று பல ஆண்டுகள் சொன்னார்கள். 2019இல் 1,364 பெண்களிடம் அதைச் சோதித்தபோது, சுரண்டியவர்களிலும் சுரண்டாதவர்களிலும் 26.1 சதவீதத்தினருக்குக் குழந்தை பிறந்தது. உட்சுவரின் 238 மரபணுக்களைப் படித்துக் கரு வைக்கும் நேரத்தைக் குறித்துத் தரும் பரிசோதனை அடுத்து வந்தது. 2022இல் 767 பேரிடம் நடந்த சோதனையில், அந்த நேரக்குறிப்பைப் பின்பற்றியவர்களில் 58.5 சதவீதத்தினருக்கும், வழக்கமான நேரத்தில் வைத்தவர்களில் 61.9 சதவீதத்தினருக்கும் குழந்தை பிறந்தது. திரும்பத் திரும்பத் தோற்றவர்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்துப் பார்த்த சீன ஆய்வு 2023இல் வந்தது, அதிலும் பலனில்லை. ஸ்கேன் இயல்பாக இருக்கும் பெண்ணுக்கு வழக்கமாகக் கருப்பை உள்நோக்குச் செய்வதும் வெற்றியைக் கூட்டவில்லை. இவற்றுக்குக் கட்டும் பணம் இன்னொரு சுற்றுச் சிகிச்சைக்கு உதவியிருக்கும்.

கொடுத்தவளுக்குச் செய்யும் கடமை

2010 ஆகஸ்டில் மும்பையில் 17 வயதுப் பெண் ஒருத்தி, முட்டை தானம் செய்த இரண்டாம் நாள் இறந்துபோனாள். 2022இல் ஈரோட்டில், ஆதார் அட்டையில் வயதைக் கூட்டிக் காட்டி, 16 வயதுச் சிறுமியின் முட்டையைப் பலமுறை விற்றது வெளிவந்தது. வறுமை இருக்கும் இடங்களில் முட்டைக்குத் தரகர்கள் வருகிறார்கள். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இனப்பெருக்க உதவித் தொழில்நுட்பச் சட்டம் விற்பனையைத் தடை செய்தது. கொடுப்பவருக்கு வயது 23 முதல் 35க்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே முறைதான் கொடுக்கலாம், ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது, பெறும் தம்பதி அவருக்குக் காப்பீடு எடுக்க வேண்டும் என்று விதித்தது.

ஏழு முட்டையும் கருவாகிவிடாது. சில முதிர்ந்திருக்காது, சில கருவுறாது. கருவுற்றவற்றில் ஏறத்தாழப் பாதிதான் ஐந்தாம் நாளை எட்டும். கடைசியில் கையில் நிற்பவை இரண்டோ மூன்றோ. காசநோயைத் தேடாமலும் நீர் கோத்த குழாயைச் சரி செய்யாமலும் அவற்றை வைத்தால், பெறுபவரின் பணத்தோடு, ஊசியும் மயக்கமருந்தும் தாங்கிக் கொடுத்தவளின் துன்பமும் வீணாகிறது.

கரு ஒட்டிவிட்டால் எல்லாம் முடிந்ததாகவும் எண்ணக் கூடாது. தானமுட்டைக் கர்ப்பத்தில் உயர் ரத்த அழுத்தச் சிக்கல் கூடுதலாக வருகிறது. கரு முழுவதுமே தாய்க்கு அந்நியமான மரபணு கொண்டது என்பது அதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. இரட்டைக் கர்ப்பம் இந்த ஆபத்தை மேலும் கூட்டும். ஆகவே ஒரு நேரத்தில் ஒரு கருவே போதும்.

அடுத்த சுற்றுக்குப் பணம் கட்டுமுன் தம்பதிகள் டாக்டரிடம் நான்கைக் கேட்க வேண்டும்: குழாயில் நீர் இருக்கிறதா, காசநோய் பார்த்தாகிவிட்டதா, கரு வைக்கும் நாளில் புரோஜெஸ்டிரோன் எவ்வளவு இருக்கப்போகிறது, நீங்கள் சேர்க்கச் சொல்லும் புதிய பரிசோதனையால் குழந்தை பிறப்பது கூடியதாக நிரூபணம் உண்டா? இந்த நான்குக்கும் பொறுமையாகப் பதில் சொல்பவரிடமே சிகிச்சையைத் தொடருங்கள்.