"பங்சா ஜொகூர்": இனமா, தேசமா, குடியா?

சாஆவில் பயிலும் தமிழ் மாணவன் பள்ளிப் படிவத்தை நிரப்புங்கால், "பங்சா" என்னும் கட்டத்தில் இந்தியர் என்று எழுதுகிறான். அவனே ஜொகூர்க் காற்பந்து அணியின் ஆட்டத்தைக் காணும்போது, "பங்சா ஜொகூர்" என்னும் முழக்கத்தில் தானும் சேர்ந்துகொள்கிறான். சொல் ஒன்றே, பொருள் ஒன்றன்று. அதனைத் தமிழில் எங்ஙனம் பெயர்ப்பது என்பதே நாம் இங்கு எடுத்துக்கொண்ட வினா.

அச்சொல் நமக்கு அயலானதன்று. வடமொழி வம்சமே மலாயில் பங்சா ஆயிற்று. தமிழில் அது குலவழி என்ற அளவில் நின்றது. மலாயிலோ இனம், நாட்டினம் எனவும் விரிந்தது. வழக்கு முழுவதும் இவ்விரிவிலிருந்தே எழுகிறது.

துன் டாக்டர் மகாதீர் 1991-இல் தூரநோக்கு 2020-ஐ அறிவித்தபோது "பங்சா மலேசியா" என்னும் கருத்தை முன்வைத்தார். பின்னர், மலாய்க்காரர், சீனர், இந்தியர் அனைவரும் அடங்கிய "பங்சா ஜொகூர்" என்பதைச் சுல்தான் இப்ராகிம் வலியுறுத்தினார். அது மக்களைப் பிரிக்கும் என 2017-இல் கண்டித்தவரும் மகாதீரே. ஆதரிப்போர் வரலாற்றைச் சுட்டுவர்: 1895-இலேயே எழுத்து வடிவிலான அரசியலமைப்பைப் பெற்ற மண் இது, தனக்கெனப் படை வைத்துள்ள மாநிலமும் இஃதொன்றே.

கனடாவிலும் இவ்வழக்கு உண்டு. 2006 நவம்பர் 27 அன்று, ஒன்றுபட்ட கனடாவுக்குள் கியூபெக்கியர் ஒரு தேசிய இனம் என நாடாளுமன்றக் கீழவை 265-க்கு 16 என்ற வாக்குகளில் ஏற்றது. தீர்மானம் மாகாணத்தைக் குறிக்கவில்லை, மக்களையே குறித்தது. கியூபெக்கியர் என்போர் அங்கு வாழ்வோர் அனைவருமா, பிரெஞ்சு வழியினர் மட்டுமா என்னும் வினா உடனே எழுந்தது. அமைச்சர் மைக்கேல் சோங் உடன்பட இயலாமல் பதவி துறந்தார்.

இனி நம் பெயர்ப்புக்கு வருவோம். "ஜொகூர் இனம்" என்றால் குருதியுறவு நுழைந்து, நம்மைப் போன்றோர் வெளியே நிற்க நேரும். "ஜொகூர் தேசம்" பிரிவினையை நினைவூட்டும். "ஜொகூர் மக்கள்" பிழையன்று. ஆயின் அச்சொல்லின் உரிமைக்குரல் அதில் இல்லை. "ஜொகூர்க் குடியினர்" என்பதையே நாம் பரிந்துரைக்கிறோம். குடி என்பது பிறப்பையும் சுட்டும், குடியேறி வாழ்தலையும் சுட்டும், ஆட்சிக்குரிய மக்களையும் சுட்டும். தோட்டத்துக்கு வந்து மூன்று தலைமுறை கண்டவருக்கு இது பொருந்தும்.

ஆனால் பள்ளிப் படிவத்தின் "பங்சா"வை "இனம்" என்றே பெயர்த்தல் வேண்டும். அங்குக் குடி என்று எழுதினால் அலுவலர் திகைப்பார்.