மிதிகட்டையும் மிதியடியும்

ஈருருளி வண்டியை இயக்குவது கால். காலின் வலிமை வண்டிக்குச் சென்று சேரும் வாயில், பெடல் என வழங்கும் மிதிகட்டை. இவ்விரண்டிற்கும் இடையே நிற்பது மிதியடி. இம்மூன்றும் தம்முள் இயைந்தாலன்றி நெடுந்தொலைப் பயணம் இன்பம் பயவாது. அண்மைக் காலத்தே நம் மாணவருள் சிலர் ‘கிளிப்லெஸ்’ எனப்படும் மிதிகட்டையை விரும்பி, அதற்கேற்ற மிதியடி யாது என வினவுகின்றனர். அவ்வினாவிற்கு விடை கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

முதற்கண் பெயரைப் பற்றி ஒரு சொல். கிளிப்லெஸ் என்பது ‘கிளிப்பு இல்லாதது’ எனப் பொருள்படும். ஆயினும் இம்மிதிகட்டை மிதியடியை இறுகக் கவ்விக்கொள்கிறது. கவ்வுவதற்கு இப்பெயர் வந்தது எவ்வாறு எனின், கூறுதும். முற்காலத்துப் பந்தய வீரர் மிதிகட்டையின் முன்புறத்தே ஒரு கூடு அமைத்து, அதனுள் கால்விரல்களைச் செருகித் தோல்வாரால் இறுக்கிக்கொண்டனர். அக்கூட்டிற்கே கிளிப்பு என்பது பெயர். பனிச்சறுக்குக் கட்டைகளில் மிதியடியைப் பூட்டும் கருவி செய்துவந்த பிரெஞ்சு நாட்டு லுக் நிறுவனத்தார், அம்முறையைத் தழுவி 1984-ஆம் ஆண்டில் கூடும் வாரும் இல்லாத மிதிகட்டையை வெளியிட்டனர். மறு ஆண்டில் பெர்னார் இனோ என்னும் வீரர் அதனைக் கொண்டு பிரான்சு நாட்டுச் சுற்றுப் பந்தயத்தில் ஐந்தாம் முறையாக வாகை சூடினார். கூடு நீங்கியமையால் வந்த பெயர் இன்றும் நின்று வழங்குகிறது.

இதன் இயக்கம் எளியது. மிதியடியின் அடியில் கிளீட் எனப்படும் சிறு கொளுவி திருகாணிகளால் பொருத்தப்பட்டிருக்கும். அதன் மூக்கை மிதிகட்டையில் நுழைத்துக் கீழ்நோக்கி அழுத்தினால், வில் பின்வாங்கி ‘டக்’ என்னும் ஒலியோடு கவ்வும். குதிகாலைப் புறத்தே திருப்பினால் விடும்; மேலே இழுத்தால் விடாது. புதிதாகப் பழகுவோர் இவ்வொன்றை ஒருபோதும் மறத்தலாகாது.

நிற்க. இஃது யாவர்க்கும் வேண்டுவதோ எனின், அன்று. விடுதியினின்று வகுப்பிற்கும் கடைத்தெருவிற்கும் செல்வார்க்குச் சாதாரண மிதிகட்டையும் செருப்புமே போதும். ஆனால் அவுடாக்ஸ் இந்தியா அமைப்பின் சார்பில் நடைபெறும் நெடுவழிப் பயணம் போன்றவற்றில் 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துள் கடத்தல் வேண்டும். அத்தகைய முயற்சியில் ஆயிரக்கணக்கான முறை சுழலும் கால், மிதிகட்டையின்மேல் நழுவாது ஓரிடத்தே நிற்பது பெருந்துணையாம். அவ்வாறு நிற்கும் இடம் பிழைபட்டதாயின், அப்பிழையும் ஆயிரக்கணக்கான முறை நிகழும் அன்றோ? மாணவன் ஒருவன் பல திங்கள் சேர்த்த பணம் வீணாதலும் துன்பமே. முழங்கால் கெடுதல் அதனினும் பெருந்துன்பம். ஆதலின் ஆராய்ந்தே வாங்குதல் வேண்டும். ஆராய வேண்டுவன மூன்று: பாதம், மிதிகட்டை, சாலை.

முதலாவது பாதம். இம்மிதியடிகள் பெரும்பாலும் ஐரோப்பிய அளவெண்ணால் குறிக்கப்படுவன. அம்முறையில் ஓரெண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள வேறுபாடு ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. நம் கடைகளில் வழங்கும் ஆங்கில முறையிலோ அஃது ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே ஒன்றை மற்றொன்றாக மனக்கணக்கால் மாற்றுவது பொருந்தாது. அன்றியும், எண் நீளத்தையே காட்டும், அகலத்தைக் காட்டாது. சென்னையில் 1948-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தார், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை, நாட்டின் 79 இடங்களில் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட மக்களின் பாதங்களை அளந்து ஆராய்ந்தனர். இந்தியர் பாதம் பொதுவாக ஐரோப்பியர், அமெரிக்கர் பாதத்தினும் அகன்றது என்பது அவர்கள் கண்ட முடிவு. இளமை முதல் வெறுங்காலோடும் செருப்போடும் நடந்து விரிந்த பாதத்தை ஒடுங்கிய அயல்நாட்டு மிதியடியுள் திணித்தால், சில மணி நேரத்தில் விரல்கள் மரத்துப்போகும். இக்குறையை நீக்க ஓரெண் பெரியதாக வாங்குவார் உளர். அவ்வாறு செய்தால் குதிகால் தளர்ந்து ஆடும். கொளுவியும் உரிய இடத்தினின்று விலகும். அகன்ற வடிவில் செய்யப்பட்டதைக் கேட்டு வாங்குதலே நன்று.

வாங்கச் செல்லுமுன் ஒரு தாளின்மேல் நின்று இரு பாதங்களையும் வரைந்து, நீள அகலங்களை மில்லிமீட்டரில் குறித்துக்கொள்க. இரு கால்களும் ஒத்திராவாயின் பெரிய காலையே கணக்கிற் கொள்க. வெயிலாலும் உழைப்பாலும் கால் சற்றே வீங்கும் ஆதலின், மாலையில் அளத்தலே தக்கது. அணிந்து பார்க்கும்போது குதிகால் எழாமலும், விரல்நுனி முட்டாமலும், பக்கங்கள் நெரியாமலும் இருத்தல் வேண்டும். நடந்து நடந்து நெகிழும் தோற்செருப்பைப் போல இது நெகிழும் என்று எதிர்பார்த்தல் கூடாது. இதன் அடி வன்மையானது.

இரண்டாவது மிதிகட்டை. தமிழ் மாணவர்க்கு விளங்க இலக்கணத்தாற் கூறின், மிதியடி நிலைமொழி, மிதிகட்டை வருமொழி, கொளுவி இடையே வரும் சாரியை. எல்லாச் சாரியைகளும் எல்லாச் சொற்களோடும் வாராமை போல, எல்லாக் கொளுவிகளும் எல்லா மிதிகட்டைகளோடும் பொருந்தா. பெருவழக்காயுள்ள வகைகள் இரண்டு. ஒன்று, மூன்று துளை உடைய மிதியடி. இதற்குரிய பிளாஸ்டிக் கொளுவி பெரியது; அடியினின்று புடைத்து நிற்பது; நடந்தால் வழுக்கும், தேயும். மற்றொன்று, இரண்டு துளை உடையது. ஷிமானோ நிறுவனத்தார் 1990-ஆம் ஆண்டில் மலைப்பாதை வண்டிகளுக்காக வெளியிட்ட எஸ்.பி.டி. முறை இவ்வகையினது. இதன் கொளுவி சிறிய உலோகத் துண்டு. இதற்கென அமைந்த மிதியடியின் ரப்பர் அடியில் உள்ள குழியுள் அடங்கி நிற்பதால் நடப்பதற்குத் தடையின்று. இன்னொரு நுட்பமும் உண்டு. லுக், ஷிமானோ இரண்டின் மூன்று துளைக் கொளுவிகளும் ஒரே மிதியடியில் திருகத் தக்கனவாயினும், ஒன்றன் கொளுவி மற்றொன்றன் மிதிகட்டையில் கவ்வாது. கொளுவி பெரும்பாலும் மிதிகட்டையோடு வருவதேயன்றி மிதியடியோடு வருவதன்று. ஆகவே மிதிகட்டையை முன்னே துணிந்து, பின்னே மிதியடியை வாங்குக.

கொளுவியில் அகப்பட்ட குதிகால் சிறிதளவு இருபுறமும் அசைதற்கு இடமிருத்தல் முழங்காலுக்கு நலம். ஷிமானோவின் மூன்று துளைக் கொளுவிகளில் சிவப்பு அசையாதது. நீலம் 2 பாகையும் மஞ்சள் 6 பாகையும் அசைவன. புதியோர்க்கு மஞ்சளே உரியது. கொளுவி அமையும் இடம், பெருவிரல் சிறுவிரல் இரண்டின் அடிமூட்டுகளுக்கு இடைப்பட்ட பகுதி. முதற் பயணத்தில் முழங்கால் நோவுமாயின், நோவைப் பொறுத்தல் வீரமன்று; இறங்கிக் கொளுவியைத் திருத்துதலே அறிவு.

மூன்றாவது சாலை. 1970-ஆம் ஆண்டில் தொடங்கிய அரசினர் சிமெண்டுத் தொழிற்சாலையை உடைய ஆலங்குளத்தினின்று சிவகாசி நோக்கிச் செல்வோர் நிலையை எண்ணிப் பார்மின். எதிரே லாரி வரும். குறுக்கே ஆட்டுமந்தை புகும். ஊர்தோறும் வேகத்தடை உண்டு. நொடிப்பொழுதில் கால் ஊன்ற வேண்டிய இடங்கள் பல. டயர் வெடித்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டு நெடுந்தூரம் நடக்கவும் நேரும். மழை பெய்தாலோ கரிசல் மண் அடியெங்கும் அப்பிக் கொளுவியை அடைத்துவிடும். ஒரு குச்சியால் அதனை அகற்றினாலன்றிக் கவ்வாது. இவற்றையெல்லாம் நோக்க, நம் பகுதியில் புதிதாய்த் தொடங்குவோர்க்கு இரண்டு துளை மிதியடியே ஏற்றது என்பது தெளிவாம். மேற்புறம் காற்றோட்டம் உடையதாயிருத்தல் நம் வெயிலுக்கு வேண்டுவது. நாடாவால் கட்டுவதாயின், அதன் நுனி சங்கிலியில் சிக்காதவாறு செருகிக்கொள்ளல் வேண்டும்.

வாங்கிய அன்றே நெடுஞ்சாலை ஏறுதல் தகாது. மிதிகட்டையின் வில்லை அதற்குரிய திருகால் இயன்றவரை தளர்த்துக. சுவரில் கைவைத்து நின்றவாறே ஒவ்வொரு காலாலும் பலமுறை பூட்டியும் கழற்றியும் பழகுக. பின்னர்ப் புல்தரையில் மெல்ல ஓட்டுக. நிறுத்த எண்ணியவுடன், வேகம் குறையுமுன்பே ஒரு காலைக் கழற்றி, அப்பக்கமே வண்டியைச் சாய்க்க. இதனை எண்ணாமலே கால் செய்யும் நிலை வந்தபின் சாலைக்குச் செல்க.

ஆகவே பாதத்திற்கு மிதியடியும், மிதிகட்டைக்குக் கொளுவியும், சாலைக்கு அடியும் பொருந்துமாறு தேர்க. பந்தய வீரர் அணிவது எது, நிறம் எது, விலை எவ்வளவு என்பன இவற்றின் பின்னரே கேட்கத் தக்கன. அளவுகோலும் ஒரு தாளும் காசு பெறாப் பொருள்கள். அவற்றைக் கையிற்கொண்டு கடைக்குச் செல்லும் மாணவன் தன் பொருளையும் காலையும் ஒருங்கே காப்பவன் ஆவான்.